எண்பத்தாறு கிலோ கமாலுதீன்

மூன்று கிலோ எடைக்கே அறுந்துபோகும் தூண்டில் நரம்பில் எண்பத்தாறு கிலோ உருப்படி ஒன்றை மாட்டி, பொங்கி வந்த ஆற்றிலிருந்து உயிரோடு கரைக்கு இழுத்தவன் மலேசியாவிலேயே நான் ஒருவன்தான். உலகத்திலேயே என்றுதான் சொல்லியிருப்பேன்; தன்னடக்கம் தடுக்கிறது. கொக்கி என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. உருப்படிக்கு மீசை உண்டு. மீசை என்றதும் கெளுத்தி என்று நினைத்துவிட வேண்டாம். கெளுத்தி பினாங்கில் லெபோ பாசார் தெருவில் முப்பது வருடம் துணிக்கடை நடத்தாது. கரையேறியதும் என் பரம்பரையைத் தமிழில் திட்டாது. உருப்படியின் பெயர் கமாலுதீன். பள்ளிக்கூட நாளிலிருந்து என் நண்பன்.

இதை ஜெலுத்தோங் பாசாரில் கோழிக்கடையில் தொடங்கி மீன்கடை முடிய எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். சிரித்தால் எனக்குப் போதும், அதை நம்பியதாகவே எழுதிக்கொள்வேன். சிரிக்காமலும் தலையாட்டாமலும் மறுத்தவன் ஒருவன்தான். பிடிபட்டவன்.

"அப்படி ஒன்னும் நடக்கல," என்பான் கமாலுதீன். "கால் வழுக்குச்சு. முட்டித் தண்ணி. எந்திரிச்சு வந்துட்டேன். அவ்வளவுதான் லா."

என் பேச்சை நம்பாதிருப்பது அவனுக்குப் பழக்கம். நான் சொல்வதை என் மனைவி ஜெகதீஸ்வரி பத்தால் வகுத்துக்கொள்வாள். கமாலுதீன் பூஜ்ஜியத்தால் பெருக்குவான். ஆனால் இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னவன், அன்றிலிருந்து தண்ணீரைக் கண்டால் வெளிறிப்போனான். கடல்மேல் போகும் பாலத்தில் காடி ஓட்ட மாட்டேன் என்றான். ஃபெரி ஏற மாட்டேன் என்றான். குளியலறையில் ஷவரைத் திறந்தால் அந்தச் சத்தம் ஆகவில்லை என்று வாளியில் மொண்டு குளிப்பதாக அவன் மனைவி ஹாஜரா சொன்னாள்.

கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் அவன் மகள் ஷஹீதாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தாத்தா இன்னும் முகம் பார்க்கவில்லை. ஒரு தடவை முதுகுவலி என்றான், ஒரு தடவை சளி என்றான், பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு முடியிறக்குகிறார்கள் என்று அழைப்பு வந்தபோது, ஷஹீதா போனில் அம்மாவிடம் அழுதாளாம். "பொம்பளப் புள்ளைன்னு அத்தாவுக்குப் பிடிக்கலையா?"

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கே பயம் வந்தது. நடந்ததை அவன் வாயாலேயே சொல்ல வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆறு இவனை விடாது.

என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் கூட்டல் பெருக்கல் இருக்கும். அதைக் கழித்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

நான் பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே மேலாளராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஊர் திரும்பும்போது தன் ஃபிளைத் தூண்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஊரில் கோடை பிறந்ததும் ஆற்றில் இறங்கி ட்ரவுட் என்ற மீனைப் பிடிப்பார்களாம். பிடித்துக் கொஞ்சிவிட்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்களாம். புளியும் மிளகாயும் கண்டுபிடிக்காத நாட்டில் வேறென்ன செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்தக் கோல் என் கைக்கு வந்து, நானும் ஒரு மீனை விட்டுப் பார்த்தபோதுதான் அதிலுள்ள போதை புரிந்தது.

இந்தத் தூண்டிலுக்கு ஒரு விசித்திரம் உண்டு. மற்றவற்றில் ஈயக் குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் குண்டே கிடையாது. கொக்கியில் இரண்டு இறகைக் கட்டிப் பூச்சி மாதிரி செய்திருக்கும். அதற்கு எடையே இல்லை. நூல்தான் தடிமனாக, கனமாக இருக்கும். கோலை முன்னும் பின்னும் வீசினால், நூல் சாட்டை மாதிரி காற்றில் சுருண்டு விரிந்து, பூச்சியை நினைத்த இடத்தில் கொண்டுபோய் வைக்கும். நூலின் நுனியில், மீன் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பு. அதுதான் அந்த மூன்று கிலோ. நாற்பது அடிக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் கொசுவின் இடது கண்ணில் நான் பூச்சியை வைப்பேன். வலது கண் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பூச்சி கட்டுவது கமாலுதீனின் வேலை. தைப்பூசம் முடிந்த மறுநாள் தண்ணீர்மலைச் சாலையில் காவடிகளிலிருந்து உதிர்ந்த மயிலிறகுகளை நான் பொறுக்கி வருவேன். கடையில் மிஞ்சிய ஜரிகை நூலால் அவன் சுற்றிக் கட்டுவான். "முருகன் எறகு, ஒன்னோட நூலு. எந்த மீனுடா வேணாங்கும்?" என்பேன். "ஒன்னோட மூஞ்சியப் பாத்துட்டுத்தான் வேணாங்குது," என்பான் அவன்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டும் உண்டு. ஒருவனுக்கு மீன் மாட்டியதும், மற்றவன் எதைச் சொல்லியாவது அவன் கவனத்தைக் கலைக்கலாம். எந்தப் பொய்யும் செல்லும். மீன் தப்பினால், தப்பவிட்டவன் அன்றைக்கு ஒரு தட்டு மீ கோரேங் வாங்கித் தர வேண்டும். ஆகவே மீன் மாட்டிவிட்டால் காதை மூடிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். என்ன கேட்டாலும் திரும்பக் கூடாது. நான் ஒவ்வொரு முறையும் திரும்பிவிடுவேன். கமாலுதீன் திரும்பவே மாட்டான். வாழ்நாள் முழுக்க என் பொய்களைக் கேட்டுக் காய்ப்பேறிய காது அது.

சித்திரை பிறந்த வாரம். ஆற்றின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறு பாதிப் பினாங்கு அங்கே நிற்கும். கூலிமைத் தாண்டி, செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடம். அந்த நாட்களில் ஆறு வற்றித் தெளிந்திருக்கும். ட்ரவுட் நமக்கு ஏது. ஆனால் செபாராவ் உண்டு. உடம்பின் குறுக்கே கறுப்புப் பட்டையோடு, கல்லுக்குப் பின்னால் மறைந்து நின்று, போகிற வருகிறதையெல்லாம் பாய்ந்து கடிக்கிற முரட்டு மீன். வெயில் ஏற ஏற அதன் முரட்டுத்தனமும் ஏறும்.

நடு ஆற்றில் பழைய கஞ்சில் என்னும் சின்னக் காடி அளவுக்கு ஒரு பாறை. அதன் பிளவில் வேர்விட்டு ஒரு குட்டை மரம் நின்றது. கமாலுதீன் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்ப் பாறைமேல் ஏறிக்கொண்டான். நான் கரையோரம் கூழாங்கல் திட்டில் நின்றேன். காலையில் எனக்குத்தான் முதலில் மீன் மாட்டியது. "புவன், பின்னால பாரு, ஜெகதீஸ்வரி வந்திருக்கு," என்றான் அவன் அமைதியாக. செம்பனைத் தோட்டத்துக்கு ஜெகதீஸ்வரி எதற்கு வருகிறாள் என்று யோசிப்பதற்குள் கழுத்து திரும்பிவிட்டது. மீன் போயிற்று. அது முதலை அளவு இருந்தது என்று நான் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை.

மதியத்துக்குப் பிறகு அவனுக்கு மாட்டியது. கோல் வில்லாக வளைந்து நடுங்கியது. நல்ல மீன். "கமால், காலுக்குப் பின்னால பாம்பு," என்றேன், கடமைக்காக. அவன் முதுகு அசையவில்லை.

அடுத்த பொய்க்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் காடு அமைதியாகிவிட்டதைக் கவனித்தேன். காலையிலிருந்து ரம்பம் அறுப்பதுபோல் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் எல்லாம் நின்றிருந்தன. எப்போது நின்றன என்று தெரியவில்லை. என் காலருகே ஓர் இலை மிதந்து போயிற்று. பச்சை இலை. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கொத்து, காம்போடும் கிளையோடும். வெயில் காலத்தில் பழுத்த இலை உதிரும். பச்சை இலை தானாக உதிராது. எதுவோ பிய்த்துப்போட வேண்டும்.

காலையில் என் கால் நகங்களை எண்ணும்படி தெளிந்திருந்த தண்ணீருக்குள், தே தாரேக் பால்தேநீர் நிறத்தில் ஒரு நாக்கு நீண்டு வந்தது. குளிர்ந்த மண்வாசனை ஒன்று அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மலையுச்சி இருந்த இடத்தில் மலையைக் காணோம். கறுப்பாக ஏதோ நின்றுகொண்டிருந்தது.

மலையில் பெய்த மழை மொத்தமாகத் திரண்டு ஆற்றில் இறங்குவதை இங்கே கெப்பாலா ஆயர் என்பார்கள். தண்ணீரின் தலை. கீழே வெயில் அடிக்கும், குழந்தைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள், தலை வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். பத்திரிகையில் படித்திருக்கிறேன். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன்.

"கமால், வா. தண்ணி வருது."

அவன் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"கமால், வெளையாடல. கெப்பாலா ஆயர். மீன விட்டுட்டு வா."

"நல்லா இருக்கு லா," என்றான் முதுகைக் காட்டியபடியே. "பாம்பு போயி இப்ப வெள்ளமா? அடுத்து என்ன, சுனாமியா?"

"டேய், எங்கம்மா மேல சத்தியமா."

"ஒங்கம்மா போயி இருவது வருசம் ஆச்சு. உசிரோட இருக்குற ஆள் மேல பண்ணு."

"ஜெகதீஸ்வரி மேல சத்தியம்டா."

"அது மேல நீ டெய்லி பண்றியே."

என் தொண்டையிலிருந்து வந்த குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அதையும் நடிப்பு என்றே அவன் நினைத்தான். அவன் சிரிப்பதில் தோள் குலுங்குவது தெரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வரலாம் என்று தண்ணீரில் இறங்கினேன். காலையில் முழங்காலுக்குக் கீழே இருந்த தண்ணீர் இப்போது தொடையில் இருந்தது. யாரோ வேட்டியைப் பிடித்து இழுப்பதுபோல் இழுத்தது. கால் பெயர்ந்து விழுந்தேன். கூழாங்கற்களில் கையூன்றித் தவழ்ந்துதான் திரும்பினேன். எழுந்தபோது நான் நின்றிருந்த திட்டு இல்லை.

பிறகு சத்தம் கேட்டது. மேலே வளைவுக்கு அப்பால், ஒரு லாரி கருங்கல் கொட்டுவதுபோல். கொட்டி முடியாத லாரி.

கமாலுதீன் திரும்பினான். மீன் மாட்டியிருக்கும்போது அவன் திரும்பியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் சொன்ன எதையும் நம்பாத அந்த முகம் அப்போது நம்பியது. அதை இன்னொரு முறை பார்க்க நான் விரும்பவில்லை.

தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்பீர்கள். ஜெலுத்தோங் பாசாரில் மூன்று மாடி என்று சொல்லிவைத்திருக்கிறேன். மூன்று மாடி இல்லை. வளைவைத் தாண்டி, சுருட்டிய பாய்போல், குப்பையும் கட்டையும் நுரையுமாக உருண்டு வந்தது. அவன் கையிலிருந்த கோல் போயிற்று. பாறை மறைந்தது. அவன் அந்தக் குட்டை மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து நின்றான். இடுப்புவரை தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வாய் அசைந்தது. கலிமா சொல்கிறான் என்று புரிந்தது. என்னைக் கூப்பிடவில்லை.

காடிக்கு ஓடினேன். பின்பெட்டியில் நீல நைலான் கயிறு ஒன்று எப்போதும் கிடக்கும். அதைச் சுருட்டி எடுத்து வந்து பலம்கொண்ட மட்டும் வீசினேன். பாதித் தூரம்கூடப் போகாமல் விழுந்தது. ஆறு அதை வாங்கிக் கீழே கொண்டுபோனது. இழுத்துச் சுருட்டி மறுபடி வீசினேன். நனைந்த கயிறு இன்னும் கனம். இன்னும் குறைவாகத்தான் போனது. கல்லைக் கட்டி வீசலாம் என்று கல் தேடினேன். கல் எல்லாம் தண்ணீருக்கு அடியில். பெரிய மரக்கட்டை ஒன்று அவனுக்கு ஒரு முழத்தில் கடந்து போயிற்று. குட்டை மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வேரில் ஒன்று விட்டிருக்க வேண்டும்.

அப்போதுதான் கரையோர மரத்தில் சாய்த்துவைத்திருந்த என் கோல் கண்ணில் பட்டது.

எடையே இல்லாத பூச்சியை நாற்பது அடிக்குக் கொண்டுபோகிற நூல். ரீலிலிருந்து நூல் முழுவதையும் உருவிக் காலடியில் போட்டு, கடைசி நுனியை அறுத்து, நீலக் கயிற்றோடு முடிச்சுப் போட்டேன். விரல்கள் கட்டைகளாக இருந்தன. இரண்டு முறை முடிச்சு அவிழ்ந்தது. கோலை உயர்த்திப் பின்னால் வீசினேன். பின்னால் மரம். பூச்சி இலைகளில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன். வரவில்லை. நரம்பு அறுந்தால் வேறு நரம்பு கட்ட நேரமில்லை. ஆற்றுக்கு முதுகைக் காட்டி, அந்தக் கிளையை வளைத்து, பூச்சியை எடுத்தேன். அந்த நேரம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்போது அவன் அங்கே இருக்க மாட்டான் என்றே நினைத்தேன்.

இருந்தான்.

இந்தத் தடவை நூலைப் பின்னால் விடாமல், பக்கவாட்டில், தண்ணீரை ஒட்டி வீசினேன். கொசுவின் கண்ணில் வைப்பவன் கை. காற்று அதைக் கீழே தள்ளியது. மறுபடி. நூல் விரிந்து, அவன் தோளுக்கு மேல் போய் விழுந்தது. மெல்ல இழுத்தேன். கொக்கி அவன் சட்டைக் காலரில் மாட்டியது.

"கமால், காலர்ல நூல் இருக்கு. அதப் பிடிச்சு இழு. பின்னாலயே கயிறு வரும்."

அவன் அசையவில்லை. கண்கள் மூடியிருந்தன. நூலைப் பிடிக்க ஒரு கையை விட வேண்டும். மரத்திலிருந்து ஒரு கையை எடுப்பது அவனால் முடியாத காரியம். கெஞ்சினேன். ஹாஜரா பெயரைச் சொன்னேன். ஷஹீதாவின் வயிற்றில் இருந்த குழந்தையைச் சொன்னேன். அவன் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். குட்டை மரம் இன்னொரு விரல் சாய்ந்தது. நூல் நீரோட்டத்தில் விறைத்து, அந்த மூன்று கிலோ நரம்பு அதிர்வது என் உள்ளங்கை வரை வந்தது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"கமால்," என்று கத்தினேன். "ஒன்னப் பிடிச்சுட்டேன்டா. கொக்கி மாட்டிக்கிச்சு. எண்பத்தாறு கிலோ. பாசார் பூரா சொல்வேன். நீயே கட்டுன பூச்சில ஒன்னையே பிடிச்சேன்னு ஒன் கடைக்கு முன்னாடி நின்னு சொல்வேன். ஒன் மருமகன்கிட்ட சொல்வேன். அந்தக் கொழந்த பொறந்ததும் மொதக் கதை இதுதான்."

அவன் கண் திறந்தது.

"வேணாம்னா கொக்கியக் கழட்டு, பாப்போம்."

என்னைப் பார்த்தான். அவ்வளவு பயத்துக்கு நடுவிலும், என்னை அந்தப் பெருமையோடு ஊருக்குள் விடக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு கை மரத்தை விட்டது. காலருக்குப் போயிற்று. கொக்கியைப் பிய்த்தெடுத்து என் முகத்தில் எறிவதுபோல் ஓங்கினான். அவன் விரல்களுக்கிடையில் நரம்பு இருந்தது.

"எறியாத. இழு."

இழுத்தான். நரம்பு போய்த் தடித்த நூல் வந்தது. பல்லால் கடித்துக் கடித்து, ஒரு கையாலேயே இழுத்தான். நூல் முடிந்து நீலக் கயிறு அவன் கைக்கு வந்தது. கக்கத்துக்குக் கீழே சுற்றி முடிச்சுப் போடும்படி கத்தினேன். இந்த முனையைக் கரையில் ஒரு பெரிய மரத்தில் சுற்றி, மடித்த காலை வேரில் உதைத்துப் பிடித்துக்கொண்டேன். "விடு," என்றேன். அவன் விடவில்லை. மரம்தான் அவனை விட்டது. வேரோடு பெயர்ந்து போனது.

அவன் தலை உள்ளே போயிற்று.

கயிறு என் உள்ளங்கையைச் சீவிக்கொண்டு ஓடி, இழுத்து நின்றது. ஆற்றின் மேல் ஒன்றும் இல்லை. நுரை, பழுப்பு, ஒரு தகரப் பெட்டி. கயிறு மட்டும் கடிகாரப் பெண்டுலம் மாதிரி மெதுவாகக் கரைப்பக்கம் நகர்ந்தது. அதன் முனையில் இருப்பது அவனா அவன் உடலா என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தைப் பற்றி எந்தப் பாசாரிலும் நான் எதையும் கூட்டிச் சொன்னதில்லை. சொன்னதே இல்லை.

கீழே, கரையின் வேர்களுக்கு நடுவே, ஒரு கை தெரிந்தது. பிறகு மீசை.

இழுத்து மேலே போட்டேன். குப்புறக் கிடந்து ஆற்றைக் கக்கினான். கக்கி முடித்ததும், என் கொள்ளுப்பாட்டனிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகத் திட்டினான். இவ்வளவு இனிய சொற்களை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

காடியில் பினாங்குக்குத் திரும்பினோம். பாலத்தின் நடுவில், கடல் இரண்டு பக்கமும் விரிந்தபோது, கண்ணை மூடிக்கொண்டான்.

"ஹாஜராகிட்ட ஒன்னும் சொல்லாத," என்றான்.

"என்ன சொல்லாத?"

"ஒன்னும் நடக்கல."

முடியிறக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை ஹாஜரா என்னை ஃபெரித் துறைக்கு வரச் சொல்லியிருந்தாள். "நீங்க கூட வந்தா வருவாருண்ணே," என்றாள் போனில். நான் போனபோது இருவரும் காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் குழந்தைக்கு வாங்கிய உடுப்புப் பை. அவன் புதுச் சட்டை, சொங்கோக் தொப்பி, அத்தர் வாசனை. மாப்பிள்ளை மாதிரி இருந்தான், முகத்தைத் தவிர.

கூடத்துக்கு அடியில் கடல் தூண்களில் அறைந்துகொண்டிருந்தது. அவன் ஒவ்வொரு அறைக்கும் காத்திருந்தான். ஒன்று அடித்ததும் அடுத்ததற்கு.

ஃபெரி வந்தது. கதவு திறந்தது. மோட்டார்சைக்கிள்கள் போயின, ஜனங்கள் போனார்கள். ஹாஜரா எழுந்தாள். அவன் எழவில்லை.

"அடுத்ததுல போலாம்," என்றான்.

கதவு மூடியது. ஹாஜரா திரும்ப உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க பாசார்ல சொல்ற கத என் காதுக்கும் வந்துச்சு. நீங்க சொல்றதாச்சேன்னு விட்டுட்டேன். அதுல எவ்ளோ நெசம்?"

"அந்தக் கத எதுக்கு இப்ப?" என்றான் கமாலுதீன். "முட்டித் தண்ணின்னு அன்னிக்கே சொன்னேன்ல."

"நான் அண்ணனக் கேட்டேன்."

நான் சொன்னேன். மூன்று மாடியை விட்டுவிட்டேன். முதலை அளவு மீனை விட்டுவிட்டேன். பச்சை இலையைச் சொன்னேன், மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றதைச் சொன்னேன், கொக்கியைச் சொன்னேன், கயிற்றைச் சொன்னேன். தலை உள்ளே போனதைச் சொல்லவில்லை. அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவன் கத வுடுறான்," என்று நடுவில் ஒருமுறை சொன்னான். குரலில் பலமில்லை.

"அந்த மரத்தப் பிடிச்சு நின்னப்ப," என்றாள் ஹாஜரா, "தண்ணி எதுவரைக்கும்ணே இருந்துச்சு?"

அவள் கை அந்த உடுப்புப் பையைப் பிசைந்துகொண்டிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இடுப்பு வரைக்கும்தாம்மா," என்றேன்.

அடுத்த ஃபெரி சங்கு ஊதியது. கூடம் அதிர்ந்தது. கமாலுதீன் இருக்கையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தான். விரல் மூட்டுகள் வெளுத்தன. கதவு திறந்தது. ஹாஜரா எழுந்து கையை நீட்டினாள். அவன் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தான். பிறகு, மரத்திலிருந்து கையை எடுத்ததுபோலவே மெதுவாக, ஒரு கையை இருக்கையிலிருந்து எடுத்து அவள் கையைப் பிடித்தான். அப்புறம் மற்றதை எடுத்தான். எழுந்து நின்றான்.

படகுக்குப் போகும் சரிவுப் பலகையில் கால் வைத்ததும் நின்றுவிட்டான். பலகையின் இடுக்கில் கீழே தண்ணீர் பச்சையாக ஏறி இறங்கியது.

"இடுப்பு இல்ல, ஹாஜரா," என்றான். "கழுத்து. மூக்குக்குள்ள ஏறி ஏறி எறங்குச்சு. அப்புறம் உள்ளயே போயிட்டேன். இவன் சொன்னது எல்லாம் நடந்துச்சு. வாழ்க்கையில மொத தடவையா இவன் ஒரு விசயத்தக் கொறச்சுச் சொல்றான்."